லாரிக்கு மை போட்ட அங்காளம்மாள்

ஆதம்பாக்கம் சூளைகளிலிருந்து தியாகராய நகருக்குச் செங்கல் ஏற்றிப்போகும் பழைய லாரி ஒன்று உண்டு. அதன் கல் அடுக்கின் உச்சியில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து போவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள், கல் இறக்கப்போகும் கூலிக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். லாரியே அவளுடையது. பெயர் அங்காளம்மாள்.

டிரைவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் புருஷனை இழந்தவள். டிரைவர் கல்யாணமாகாத பிள்ளை. சைதாப்பேட்டையிலும் தேனாம்பேட்டையிலும் டீக்கடை வாசல்களில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது போதும். அதனால் அவள் கல்மேல் உட்கார்ந்தாள். வெயில் காலத்தில் கல் அடுப்பு மாதிரிச் சுடும். கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வாள்.

அவள் புருஷன் கோபால் மாட்டுவண்டி வைத்திருந்தவன். மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்ற நாளில் எல்லாருக்கும் செங்கல் வேண்டியிருந்தது. கோபாலின் வண்டிகள் ஓயாமல் ஓடின. வாந்திபேதி வந்து அவன் போனபோது, வண்டிகளை விற்றுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒதுங்கிக்கொள் என்று உறவுக்காரர்கள் புத்தி சொன்னார்கள். அவள் அதில் பாதியை மட்டும் கேட்டாள். வண்டிகளையும் மாடுகளையும் விற்றாள். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கம்பெனி ஓட்டித் தள்ளிய லாரியை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினாள். தெருவே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்கு ‘அங்காளம்மா மாடு’ என்று பெயர் வைத்துவிட்டுப் போயிற்று.

டிரைவர் லூர்துசாமி சாந்தோம் குப்பத்துப் பிள்ளை. கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற மீன்காரப் பிள்ளை அந்தக் கரையிலேயே அவன் ஒருவன்தான். அவன் அம்மா தேசம்மா மாதாகோயிலில் எத்தனையோ மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தாள். கடல் அவனை ஏற்றுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கிளீனராக இருந்து, திட்டு வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் அங்காளம்மாளின் லாரியில்தான் அவனுக்கு உட்கார ஒரு சீட்டு கிடைத்தது. அதைவிட்டால் திரும்பிப் போக அவனுக்குக் கரையும் இல்லை, கடலும் இல்லை.

அந்த லாரியின் பின்னச்சு நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிய ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். மெக்கானிக்குகள் டிப்ரன்ஷல் என்பார்கள். அங்காளம்மாளுக்கு அது பூசணிக்காய்தான். அவள் உட்காருமிடம் சரியாக அதற்கு மேலே இருந்தது.

ஒரு நாள் பூசணிக்காய் உறுமியது.

சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது லூர்துசாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். அடியில் ஓர் உறுமல் கிளம்பி, கல் வழியாக ஏறி, அவள் இடுப்பெலும்பில் வந்து நின்றது. மறுபடி அவன் மிதித்ததும் அடங்கிவிட்டது. முன்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அது கேட்டிருக்காது. அடுத்த நடையிலும் அதே இடத்தில் உறுமியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் வெட்கம். வண்டிக்காரர் வீட்டில் அச்சு கத்துவதைப்போல அவமானம் வேறு இல்லை. கத்திக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தால், இது கவனிக்க ஆளில்லாத வீட்டு வண்டி என்று தெருவில் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வைக்கோலைக் கருக்கி, இடித்துச் சலித்து, விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. வாரம் தவறாமல் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு அதைப் போடவேண்டும். கோபால் வீட்டு வண்டிகள் தெருவில் போவது காதுக்குத் தெரியாது. அங்காளம்மாள் குழைக்கிற மை அப்படி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு அவளிடம் மை கேட்டு வருவார்கள். அப்பேர்ப்பட்டவளுடைய அச்சு, பாலத்தில் நாலு பேர் பார்க்கக் கத்துவதாவது.

ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது. லூர்துசாமி பூசைக்குப் போய்விடுவான். அந்த ஞாயிறு வெயில் ஏறுவதற்கு முன் அவள் ஒரு சாக்கை விரித்து லாரிக்கு அடியில் நகர்ந்து போனாள். பூசணிக்காயில் எண்ணெய் ஊற்றும் மூடியை மெக்கானிக் திறந்ததை முன்னால் பார்த்திருந்தாள். ஸ்பானர் சீட்டுக்கு அடியில் இருந்தது. முந்தின ராத்திரி குழைத்த மையை மூங்கில் குழாயிலிருந்து குச்சியால் தள்ளித் தள்ளி, பூசணிக்காய் இனி வாங்காது என்கிற வரைக்கும் ஊட்டினாள். மூடியை இறுக்கிவிட்டு, மாட்டுக்குச் செய்வதுபோல அதை ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை பாலத்தில் உறுமல் இல்லை. அவள் கல்மேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனாள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. உறுமலுக்குப் பதிலாக ஓர் அரைக்கிற சத்தம் வந்தது. மிதித்தாலும் வந்தது, விட்டாலும் வந்தது. வர வர, முன்னால் இருந்த லூர்துசாமிக்கே கேட்டது. அவன் வண்டியை நிறுத்தி இறங்கி, பூசணிக்காயில் கையை வைத்துவிட்டுச் சூட்டில் இழுத்துக்கொண்டான். தியாகராய நகரில் ஒரு வீட்டுக்குக் கல் இறக்கும்போது மேஸ்திரி கங்காதரன் காதைப் பொத்திக்கொண்டு வந்தான். அந்தப் பக்கத்துக் கட்டிட வேலைகளில் பாதி அவன் கையில் இருந்தது. அங்காளம்மாளின் லாரிக்கு ஓட்டம் கொடுப்பவனும் அவன்தான். தளம் போடுகிற நேரத்தில் லாரி படுத்துக்கொண்டால் தன் தலை உருளும் என்றும், இப்போதே தேனாம்பேட்டையில் ஷரீஃப் பாயிடம் காட்டு என்றும் சொல்லி, தானும் லாரியில் ஏறிக்கொண்டான்.

ஷரீஃப் ஜெர்மன் சண்டைக் காலத்தில் பஸ்ரா வரை போய் ராணுவ லாரிகளைப் பழுது பார்த்தவர். தேனாம்பேட்டையில் கீற்றுக்கொட்டகை போட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். வண்டி பேசட்டும் என்று விட்டுவிடுவார். பின் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி மரக்கட்டையில் நிறுத்தினார். லூர்துசாமியை இன்ஜினை ஓட்டச் சொல்லிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து, ஒரு சவுக்குக் கழியின் ஒரு முனையைப் பூசணிக்காயிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டார். கையை விரித்தால் லூர்துசாமி மிதிக்கவேண்டும், மூடினால் விடவேண்டும். கை விரிவதும் மூடுவதுமாக வெகுநேரம் போயிற்று. அவருக்குத் திருப்தி வரவில்லை. ஒரு சத்தமாக இருந்தால் பிடித்துவிடலாம், இது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே, அடி மூடியைக் கழற்றித் தட்டை வைத்தார்.

எண்ணெய் தேன் மாதிரி இழையாக இறங்கவேண்டும். இறங்கியது களி. கட்டி கட்டியாக, கறுப்பாக, கருகின தும்பும் துகளுமாகத் தட்டில் விழுந்தது. எண்ணெயோடு வெந்து அதன் வாசனைகூட மாறிவிட்டிருந்தது. ஷரீஃப் அதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். அங்காளம்மாளுக்குத் தேய்த்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தான் இடித்துச் சலித்தது தெரியாதா.

“வாயப் பொத்தி வெச்சிருக்கான்,” என்றார் ஷரீஃப்.

யார் வாயை என்று கங்காதரன் கேட்டான். ஷரீஃப் விளக்கினார். பழைய லாரி விற்கிற தரகர்கள் செய்கிற வேலைதான் இது. உள்ளே பல்சக்கரத்தில் பல் உடைந்து இரைகிற டிப்ரன்ஷலில் மரத்தூளையோ தக்கையையோ போட்டு அடைத்துவிடுவார்கள். வாங்குகிறவன் தெருமுனை தாண்டும் வரை சத்தம் வராது. உள்ளே எதையோ உடைத்துவிட்ட ஒருவன், அது வெளியே தெரியாமல் இருக்க இப்படிச் செய்திருக்கிறான். மூடியைத் திறக்க ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் யாரிடம் இருக்கிறது?

எல்லாரும் லூர்துசாமியைப் பார்த்தார்கள்.

“மீன் புடிக்கிறவன் கையில லாரிய குட்த்தா இன்னா பண்ணுவான்? உப்புக்கண்டம் போட்டு வெச்சுகிறான்,” என்றான் கங்காதரன்.

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்துசாமி சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. அவன் அங்காளம்மாளை மட்டும் பார்த்துச் சொன்னான்: “மாதா மேல சத்தியமா நான் தொடலமா.”

அவள் வாயில் முந்தானை நுனி இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். லாரிக்கு வண்டி மை போட்டவள் என்ற கதையைக் கங்காதரன் பொழுது சாய்வதற்குள் சைதாப்பேட்டை வரை கொண்டுபோய்விடுவான். பொம்பளைக்கு எதற்கு லாரி என்று இத்தனை நாள் முணுமுணுத்தவர்கள் உரக்கச் சொல்வார்கள். ஓட்டம் வேறு லாரிக்குப் போகும். எடுக்காவிட்டால் போகப்போவது எது என்பதும் தெரியும். அது அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு, அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்துக்கொண்டு.

லூர்துசாமி கொஞ்ச நேரம்தான் காத்திருந்தான். பிறகு இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, மயிலாப்பூர்ப் பக்கமாக நடந்தான். தன் மச்சினன் மகன் சும்மாதான் இருக்கிறான், நாளைக் காலையில் வந்து வண்டியை எடுப்பான் என்று கங்காதரன் அவன் முதுகு மறைவதற்குள் ஏற்பாடு சொன்னான்.

ஷரீஃப் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இதிலெல்லாம் சந்தோஷம் இல்லை. “சத்தம் மொதல்ல எப்ப வந்துச்சு, மிதிக்கசொல்லவா, கால எடுக்கசொல்லவா? அது தெரிஞ்சா எங்க நோவுன்னு சொல்லிடலாம். சொல்றவன் போய்ட்டான். இனி பெரிய பல்சக்கரம், சின்ன பல்சக்கரம் எல்லாத்தையும் மாத்திட வேண்டியதுதான்.”

அங்காளம்மாள் காலடியில் கிடந்த ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சை உடைத்து மறைத்தவன் என்ற பெயரோடு போகிறவனை மவுண்ட் ரோட்டில் எந்தக் கொட்டகையும் சேர்க்காது. வேறு எங்கே போவான்? கட்டுமரத்தில் ஏறி வாந்தி எடுப்பான்.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“கால எடுக்கசொல்லதான் பாய். பாலம் எறங்கும்போது உறுமும். மிதிச்சா அடங்கிடும்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அதும் மேல குந்திக்கினு வர்றது யாரு? நான்தான? உள்ள கீறது நான் வெச்ச மை. வண்டி மை. அவன் கோயிலுக்குப் போயிருந்தான். அவனுக்கு ஒண்ணுந் தெரியாது.”

கங்காதரன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “லாரிக்கு மையா? அப்பிடியே கொம்புக்கு மஞ்சளும் தடவி உட்டியா?”

“மாட்டுப் பொங்கலன்னிக்கி தடவுனேன். வெளக்கு ரெண்டுலயும். நீயும் பாத்துட்டு வட வாங்கித் துன்னுட்டுதான போன?”

இந்த முறை சிரித்தது மற்றவர்கள். ஷரீஃப் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசணிக்காய்ப் பக்கம் குனிந்தார். அவர் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. சிரிக்கவேண்டியவர்கள் சிரித்தாயிற்று, இனிமேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

ஷரீஃபுக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது. பல் உடைந்திருந்தால் மிதிக்கும்போதும் இரையும். காலை எடுக்கும்போது மட்டும் உறுமினால், சின்னப் பல்சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தளர்ந்திருக்கிறது. விட்டதும் பல் பின்னால் தள்ளிக்கொண்டு உறுமுகிறது. அப்போதே இறுக்கியிருந்தால் உறுமல் போயிருக்கும். அதற்குள் மை போய் எண்ணெயை ஓடவிடாமல் அப்பிக்கொண்டது. பேரிங் எண்ணெய் கிடைக்காமல் சுட்டுப்போயிற்று. பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். நோயாளிக்குப் பாட்டி வைத்தியம் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் இருந்தால் இப்படித்தான் என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பையன்மேல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

அங்காளம்மாள் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். கையில் இரும்புக் கோலோடு ஒரு பெண் வேகமாகப் போவதைப் பார்த்து ஆழ்வார்பேட்டையில் இரண்டு பேர் வழிவிட்டார்கள். லஸ்ஸைத் தாண்டினாள். அவன் வீட்டுக்குப் போயிருக்கமாட்டான், தேசம்மாவிடம் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தோன்றியது. கபாலி கோயில் குளத்தங்கரையில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான்.

நான்தான் மை வைத்தேன், எல்லார் எதிரிலும் சொல்லியாயிற்று, எழுந்து வா என்றாள். நின்றபடியே, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

லூர்துசாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் மாதா மேல சத்தியம் வெச்சேன். அப்பவும் நீ பாத்துக்கினுதான நின்ன,” என்றான்.

“ஆமா,” என்றாள் அங்காளம்மாள்.

வரும் வழியெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் நிறைய இருந்தன. கங்காதரன், ஓட்டம், ஊர் வாய். லூர்துசாமியின் முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றையும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. கடலை விற்கிறவன் ஒருவன் இவர்களைச் சுற்றிக் கூவிக்கொண்டு போனான்.

அந்தக் குரல் தேய்ந்த பிறகு லூர்துசாமி கேட்டான், உறுமல் எப்போது ஆரம்பித்தது என்று. சொன்னாள். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஷரீஃப் பாயிடம் விட்டிருப்பேனே என்றான். அதற்கும் ஆமாம் என்றாள். வரவேண்டுமானால் ஒரு விஷயம் என்றான். கல்மேல் இருக்கும்போது என்ன சத்தம் கேட்டாலும் அந்தக் கணமே தனக்குத் தெரியவேண்டும். மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் சாக்கோடு அடியில் படுக்கிற வேலை ஆகாது.

“மேலேருந்து கத்துனா உனக்கு கேக்காதேபா,” என்றாள்.

“அதுக்கு வழி நான் பண்றேன்,” என்று அவள் கையிலிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவள் எதிர்பார்த்தபடியே கங்காதரன் ஊர் முழுக்கச் சொன்னான். அதற்குப் பிறகு அவள் கடைசிவரை மை அங்காளம்மாதான். சில இடங்களில் ஓட்டம் போயிற்று. கங்காதரன் மட்டும் அவளை விடவில்லை. அவசரத்துக்குக் கல் கொண்டுவந்து போடுகிற லாரி வேறு கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். ஆனால் பழைய வடைக்காக என்று அவன் சொல்லிக்கொண்டான். ஷரீஃப் பேரிங் மாற்றி, பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினார். மூங்கில் குழாயில் மிச்சமிருந்த மையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் அதைத் தடவி, இங்கே வேண்டுமானால் வாராவாரம் போடு, நல்ல சரக்கு என்றார். பூசணிக்காயின் ஸ்பானரை மட்டும் அவளே எடுத்து லூர்துசாமியிடம் கொடுத்துவிட்டாள்.

லூர்துசாமி செய்த வழி ஒரு கயிறு. குப்பத்திலிருந்து வலைக்கயிற்றில் ஒரு துண்டு கொண்டுவந்தான். ஒரு முனையைத் தன் இடது முழங்கைக்கு மேல் கட்டிக்கொண்டான். மறு முனையைத் தன் சீட்டின் பின் பலகைக்கு மேலாகக் கல் அடுக்கின் உச்சிக்கு எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தான். மாடுகளை விற்ற பிறகு அவள் கயிறு பிடித்தது அன்றைக்குத்தான்.

நிறைந்த பாரத்தோடு லாரி சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறியது. உச்சிக்கு வந்தது. முன்னால் அவன் காலை எடுத்தது இன்ஜின் தணிந்ததில் தெரிந்தது. இறக்கத்தில் சக்கரங்கள் தாமே உருண்டன. அங்காளம்மாள் சாக்கிலிருந்து நகர்ந்து வெறும் கல்மேல் உட்கார்ந்து, உடம்பு முழுவதும் காதாகக் கேட்டாள். ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைப்பது கேட்டது. கயிறு தளர்ந்து கிடந்தது. முன்னால் அவன் முழங்கை கொஞ்சம் தூக்கினாற்போல, காத்துக்கொண்டே இருந்தது.

பாலம் முடிந்து சமதரை வந்த பிறகு அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

லாரி உடனே ஓரங்கட்டி நின்றது. லூர்துசாமி பாதி உடம்பை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தான். “இன்னாமா? எங்க கேட்டுது?”

“ஒண்ணும் கேக்கல,” என்றாள். “அத்த சொல்லத்தான் இஸ்தேன். நீ போ.”